தட்டியாச்சா?

தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு டொக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது அங்கிருந்தும் அடித்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினவர். ஓட்டுவது பாதி வேலை, பம்பை இயக்குவது மீதி. நெருப்புக்குள் போகிறவன் கையில் குழாய் இருக்கும். அந்தக் குழாயில் இன்னும் எத்தனை நிமிஷத்துக்குத் தண்ணீர் வரும் என்பது வெளியே வண்டியோடு நிற்கிற டிரைவருக்குத்தான் தெரியும். வேடிக்கை பார்க்கிற ஊருக்கு இதெல்லாம் தெரியாது. உள்ளே போனவனுக்குக் கை தட்டும், டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொல்லும்.

கிளம்புமுன் தண்ணீர் அளவு காட்டும் டயலை ஸ்பானர் பிடியால் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டுவார். ஏறி உட்கார்ந்த ஆட்கள் "தட்டியாச்சா?" என்று கேட்கவேண்டும். "தட்டியாச்சு" என்று இவர் பதில் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். ஒருமுறை ஆட்கள் கேட்க மறந்துவிட்டார்கள். மணி அடிக்கிறது, வாசலில் ஒரு மனிதன் கடை பற்றிக்கொண்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறான், இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டார்கள், கிளம்பினார். அன்றிலிருந்து டொக்கு. நிலையத்தில் வண்டிகளுக்கும் பட்டப்பெயர் உண்டு என்பதால், வண்டியைச் சொல்கிறார்களா ஆளைச் சொல்கிறார்களா என்று புதிதாக வருகிறவன் குழம்புவான்.

இப்போதுள்ள வண்டியில் தண்ணீர் அளவு பச்சை எழுத்தில் தானே தெரிகிறது. தட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் டிரைவர் பெண் விரல் முட்டியால் முன்பலகையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். டொக்கு ஐயா விட்டுப்போன பழக்கம் என்பாள்.

நிலையத்துக்கு அறுபது வருஷம் ஆகிறது, மலர் ஒன்று போடுகிறோம் என்று புதிதாக வந்த ஸ்டேஷன் ஆபீசரம்மா ஒருநாள் காலையில் நோட்டுப்புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். வண்டிகளின் வரலாறு வேண்டுமாம். டொக்குவுக்கு வாயெல்லாம் பல். மனைவி போனபிறகு வீட்டில் அவரும் தங்கையும்தான். தங்கை அதிர்ந்து பேசமாட்டாள். இருவர் இருக்கிற வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் அதிகம் பேசும்.

"மொதல்ல கிழவிம்மா" என்று ஆரம்பித்தார். கிழவி என்பது நிலையத்தின் முதல் வண்டி. சைரன் கிடையாது, வெண்கல மணிதான். ஓடும்போது ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டே வரவேண்டும். முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் என்ஜின் கிளம்பும். கம்பி எதிர்த்து அடித்ததில் ஒரு டிரைவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அதற்குச் சொந்தமாகத் தண்ணீர்த் தொட்டி கிடையாது. போன இடத்தில் குளமோ கிணறோ தேடி உறிஞ்சவேண்டும். "கல்யாண வீட்டுக்குப் போயி அரிசி எங்கன்னு கேக்கிற மாதிரி" என்றார். ஆபீசரம்மா சிரித்துக்கொண்டே எழுதினாள்.

"அப்புறம் குண்டன்."

குண்டன் வந்தபோது ஊரே வந்து பார்த்தது. வயிற்றில் நாலாயிரம் லிட்டர் தண்ணீர். சிவப்புப் பெயின்டு, இரண்டு பக்கமும் அலுமினிய ஏணி. இருபத்தாறு வருஷம் உழைத்துவிட்டு, நிலையத்தின் கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. இப்போது அறுபதாம் வருஷத்தை முன்னிட்டு வாசலில் சிமென்ட் மேடை கட்டி, பெயின்டு அடித்து, மேலே ஏற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர் வண்டிக்குச் சீமாட்டி என்று பெயர். தும்மினாலும் ஒரு விளக்கு எரியும்.

"ஐயா, அந்த 'தட்டியாச்சா' எப்படி வந்துச்சு? மலர்ல அதைத்தான் மொதல் பக்கத்துல போடப்போறேன்" என்றாள் ஆபீசரம்மா.

டொக்கு சமையலறைப் பக்கம் பார்த்தார். தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தோடு பாத்திரம் மோதுகிற சத்தம்கூட வரவில்லை. அவள் துலக்குவது அப்படித்தான்.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றார்.

ஆபீசரம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கேட்டது பழக்கத்தின் கதையை. டொக்குவுக்கு அது மாப்பிள்ளை செத்த கதை.

தங்கையின் புருஷனும் அதே நிலையத்தில் தீயணைப்பு வீரர். டொக்கு மாப்பிள்ளை என்று கூப்பிட்டதால் நிலையமே மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. மேலதிகாரிகூட ஒருமுறை மைக்கில் அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன், மெத்தை தைக்கும் பட்டறை ஒன்று எரிந்தபோது அவர் உள்ளே போனவர், திரும்பவில்லை. உத்தரவில்லாமல் தானாக உள்ளே நுழைந்தார் என்று விசாரணைக் காகிதம் சொன்னது. அதனால் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்ப் பலகையில் அவர் பெயர் கிடையாது. பலகையில் மூன்று பெயர்கள், கீழே நிறைய வெற்றிடம்.

தங்கைக்குப் பெயர்ப் பலகை பெரிதல்ல. அவளைத் தின்றது வேறு. அன்று காலையில் ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த சமையலறைப் பலகை பிய்ந்து விழுந்து, பாத்திரமெல்லாம் உருண்டு, நாலு வயதுக் குழந்தை அலறியிருக்கிறது. ஒரு மாதமாக ஆணி அடிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்தவள் கத்திவிட்டாள். "வீட்டுல ஒரு ஆணி அடிக்க நேரமில்ல. போங்க, போயி அந்த நெருப்போடயே குடித்தனம் பண்ணுங்க." புருஷன் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். மத்தியானம் சேதி வந்தது. உத்தரவில்லாமல் ஒருவன் தானே நெருப்புக்குள் போவானேன்? வீட்டில் ஒருத்தி போகச் சொன்னாள், போனான். இதுதான் அவள் போட்ட கணக்கு. நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். "வெந்துடுச்சே" என்றாள். அன்றைக்கு அடங்கின குரல். பிறகு குழந்தையை, அது வளர்ந்து வேலைக்கு வெளியூர் போகும்வரை, அதட்டவில்லை, வாசலில் படுத்த நாயைக்கூட விரட்டவில்லை.

நடந்தது என்ன என்று தெரிந்தவர் இரண்டு பேர். ஒருவர் ஷிப்டு தலைவர், அவர் போய் ஆறு வருஷமாகிறது. மற்றவர் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டனுக்கு ஒரு கோளாறு உண்டு. தொட்டிக்குள் மிதக்கிற பந்தின் கம்பி எங்கோ உரசும். தண்ணீர் பாதிக்கு இறங்கினாலும் டயல் முள் 'நிறைவு' என்ற எழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் உண்மையான இடத்துக்கு விழும். இரண்டு முறை ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினார்கள். பழுது என்று எழுதினால் தொட்டியைப் பிரிக்கவேண்டும், அதனால் அங்கிருந்த மெக்கானிக் பழுதில்லை என்று எழுதி அனுப்பிவிட்டான். சரி, தட்டினால் தீர்ந்தது என்று எல்லா டிரைவரும் இருந்துகொண்டார்கள். ஷிப்டு மாறும்போது போகிறவன் "தட்டிப் பாத்துக்க" என்பான். தினமும் சொல்கிற சொல் காதில் விழுந்தாலும் மண்டையில் ஏறாது.

அன்று மேலதிகாரி வண்டி பார்க்க வருகிற நாள். முந்தின ஷிப்டு குப்பைமேட்டில் எரிந்ததை அணைத்துவிட்டு விடியும்போது வந்து, வண்டியைக் கழுவித் துடைக்கிற அவசரத்தில் தொட்டியை நிரப்பாமலே போய்விட்டது. எட்டு மணிக்கு வந்த இவர் டயலின் பித்தளை வளையத்தையும் கண்ணாடியையும் அரைமணி நேரம் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போல் மின்னியது. முள் நிறைவில் நின்றது. ஸ்பானரை எடுத்தார். தட்டினால் கண்ணாடியில் கீறல் விழுமே என்று திரும்ப வைத்துவிட்டார். வண்டிப் புத்தகத்தில் 'தண்ணீர் நிறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. கீறல் விழாத கண்ணாடிக்கு ஒரு மனித உயிர்.

பக்கத்தில் நின்று ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போது சிரித்துக்கொண்டிருந்தார். "ஒங்க தங்கச்சி இன்னைக்கு என்னை நெருப்புக்கே கட்டிக் குடுத்துட்டா மச்சான். சாயங்காலம் ரெண்டு ஆணி வாங்கிட்டுப் போனாத்தான் வீட்டுல சேப்பா."

பதினோரு மணிக்கு மணி அடித்தது. பட்டறையின் மாடியில் பஞ்சு எரிகிறது, ஒரு ஆள் மாட்டிக்கொண்டான் என்றார்கள். போய்ச் சேர்ந்ததும் மற்ற ஆட்கள் அக்கம்பக்கத்து வீடுகளைக் காலிசெய்ய ஓடினார்கள். ஷிப்டு தலைவர் கத்தினார். "தண்ணி எவ்வளவு?"

"ஃபுல்லு" என்றார் இவர்.

அந்த ஒரு சொல்லை நம்பித் தலைவர் "உள்ள போ" என்றார். மாப்பிள்ளை குழாயோடு படியேறினார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, பம்பின் சத்தம் மாறியது. தண்ணீர் இழுக்கிற பம்பு உறுமும், காற்றை இழுக்கிற பம்பு வீறிடும். ஸ்பானரால் ஓங்கித் தட்டினார். முள் பொத்தென்று அடியில் விழுந்தது. படியில் கிடந்த குழாய் துணியாய்த் துவண்டது. மாடியிலிருந்து "மச்சான், தண்ணி" என்று குரல் வந்தது. இன்னொரு முறை வந்தது. பிறகு கூரை இறங்கியது. மாட்டிக்கொண்டான் என்று சொன்ன ஆள் பின்பக்கமாக முன்னமே இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் தலைவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஃபுல்லுன்னு சொன்ன. நான் உள்ள போன்னு சொன்னேன். ரெண்டையும் எழுதினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். செத்தவனுக்கு வேலை போகாது." இவர் தலையாட்டினார். வண்டி நிறைவான தண்ணீரோடு போனதாகப் புத்தகம் சொன்னது, கையெழுத்தும் இருந்தது. தொட்டியை யார் கேட்டார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். துக்கம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து டொக்கு தட்ட ஆரம்பித்தார், கேட்கவும் வைத்தார். இருபத்தோரு வருஷம் தட்டினார். வேண்டிய நாளில் தட்டாத தட்டு அது.

ஆபீசரம்மா போன பிறகு தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏண்ணா மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். நாளைக்கு அந்தப் பெண் பேனாவைத் திறந்துகொண்டு உட்காருவாள். ஒரு வேடிக்கைக் கதையைக் கட்டிவிட்டால் அச்சில் ஏறி அதுவே சத்தியமாகிவிடும், தங்கையும் தன் தப்புக் கணக்கோடே செத்துப்போவாள். "ஒக்காரு" என்றார். சொன்னார். டயல், கண்ணாடி, ஃபுல்லு, கையெழுத்து, தலைவர் கொடுத்த உத்தரவு, வேலை போய்விடும் என்ற பயம் எல்லாவற்றையும் சொன்னார். அழுதுகொண்டே சொல்லவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருந்தார். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்தாள். "காட்டு" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக நிலையத்து வாசலுக்கு வந்தாள். மேடைமேல் குண்டன் புதுப்பெயின்டில் பளபளத்தது. டயல் முள் நிறைவில் நின்றது. தொட்டி வறண்டு எத்தனையோ வருஷமாகிறது. பெயின்டு அடிக்க ஏற்றியிறக்கியதில் மேலே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆபீசரம்மா நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். தங்கை உட்காரவில்லை.

"தட்டுண்ணா."

டொக்குவுக்குக் கை எழவில்லை. அவளே விரலை மடக்கிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினாள். முள் சரேலென்று விழுந்து அடியில் நின்று ஆடியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் ஆபீசரம்மாவிடம் திரும்பினாள். "எழுதிக்கம்மா. எம் புருஷன் உத்தரவு வாங்கித்தான் உள்ள போனாரு. எழுது." குரல் கரகரத்து எங்கேயோ ஏறிப் போனது. குழாய் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசரம்மா அவரைப் பார்த்தாள். டொக்கு தலையாட்டினார். அன்று தலைவருக்கு ஆட்டின அதே தலை. பிறகு நோட்டுப்புத்தகத்தை வாங்கி, நடந்ததை எழுதி, கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பலகையில் பெயர் சேர்க்க மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றாள் ஆபீசரம்மா.

வீட்டுக்கு நடந்தார்கள். தெருவில் நாலு பேர் பார்க்க அவள் தன்னை அடித்தால்கூடத் தேவலை என்று டொக்குவுக்கு இருந்தது. அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் நின்றாள்.

"அன்னைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்தப்ப அவரு எம்மேல கோவமா இருந்தாரா?"

"இல்லம்மா. சிரிச்சாரு. நெருப்புக்கே கட்டிக் குடுத்துட்டான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சாயங்காலம் ரெண்டு ஆணி வாங்கிட்டுப் போகணும்னாரு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். குரல் பழையபடி அடங்கிப்போயிருந்தது.

"இதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா. இதுக்கு ஒன் வேலை போயிருக்காதே."