அக்காவின் பிரெஞ்சுப் பாடம்

வெள்ளவத்தையில் பக்கத்து ஃபிளாட் பிள்ளை பிரெஞ்சு வினைச்சொற்களை உரக்கப் பாடமாக்குகிறது. கதைப் புத்தகங்களில் மட்டும் வரும் இறந்தகாலம் அது. யாரும் வாயால் பேசுவதில்லை. எனக்குப் பழகிய சத்தம்.

வெள்ளைக்காரன் காலத்தில், கொட்டாஞ்சேனையில், என் அக்கா சீனியர் கேம்பிரிட்ஜ் சோதனைக்கு அதைத்தான் படித்தாள். பிள்ளைகள் சத்தமாகப் படிக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அவர் புதுக்கடைக் கோர்ட்டில் கிளார்க், சட்டத்தை மீறமாட்டார்.

ஒரு பின்னேரம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். உள்ளறையில் அக்கா தொடங்கினாள்: "ஜெ பார்லே, தூ பார்லா, இல் பார்லா..." நான் பேசினேன், நீ பேசினாய், அவன் பேசினான்.

"பிள்ளை படிக்குது. முடியட்டும்," என்றார் அப்பா.

பால் கோப்பியில் ஆடை படர்ந்தது. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அக்கா ஓயவில்லை.

மாப்பிள்ளையின் தாய் எழுந்தார். "இவ்வளவு படிக்கிற பிள்ளை எங்கட வீட்டுக்குச் சரிவராது."

"ஓம்," என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். புத்தகம் மூடியே கிடந்தது. அந்த ஒரே வினையைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருக்கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் வாயை மூடினாள்.

இப்போது பக்கத்து ஃபிளாட்டில் தாய் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பிள்ளை உடனே நிறுத்திவிட்டது.