சுடரகத்தின் தங்கக் கோல்

எங்கள் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் மந்திரவாதி ஆவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் ஒரு தடவை தோற்றிருக்கிறேன். தோற்றது என் நாக்குதானே தவிர நான் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சிவகாசியில் பெரியப்பா அச்சகம் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் முக்கியமான வேலை. கீழே அச்சகம், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. நாங்கள் அடுத்த தெருவில் குடியிருந்தோம் என்றாலும் கோடை விடுமுறை முழுக்க எனக்கு அந்த மாடிதான் உலகம். பெரியப்பாவின் மகளான அக்கா அப்போது பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். டிவியில் தமிழ் பேசுகிற வெளிநாட்டு மாயாஜாலப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் சரியில்லை என்று முடிவு கட்டி, தானே ஒரு தேசத்தை உண்டாக்கி வைத்திருந்தாள். அதற்குச் சுடரகம் என்று பெயர்.

சுடரகத்தில் நெருப்புக்கு உயிர் உண்டு. அவ்வப்போது அது கட்டை அவிழ்த்துக்கொண்டு ஊருக்குள் திரியும். நெருப்பைக் கொளுத்தத் தெரிந்தவன் அங்கே சாதாரண ஆள். அணைக்கத் தெரிந்தவன்தான் மந்திரவாதி. வேறு ஊரில் பிறந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியலாம். எங்களுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. வீடு கொள்ளாமல் காகிதம் அடுக்கி வைத்திருந்த பெரியப்பா, பிள்ளைகள் கையில் தீப்பெட்டியைப் பார்த்தால் தோலை உரித்துவிடுவார்.

மந்திரங்களும் ஊரிலேயே கிடைத்தன. பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் என்று பெரியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த நிறத்தில் தீ எரிகிறதோ அதற்குரிய பட்டாசு மருந்தின் பெயரைச் சொன்னால் தீ அடங்கும் என்பது அக்கா வகுத்த சட்டம்.

புது மந்திரவாதியைச் சேர்த்துக்கொள்ளும் விழாவுக்குக் கோலேற்பு என்று பெயர். ஒரு விடுமுறைக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள். மாடி அறையில் ஜன்னலையெல்லாம் அடைத்து இருட்டாக்கி, டேபிள் ஃபேனைச் செங்கல் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் கம்பி வலையில் சிவப்பு ஜிகினாத் தாளை நாடா நாடாவாகக் கிழித்துக் கட்டுவாள் அக்கா. பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு. சுவிட்சைப் போட்டதும் நாடாக்கள் சடசடவென்று மேலே எழும்பி நெளியும். நிஜத் தீயே தோற்றுப்போகும். மந்திரவாதி ஆகப் போகிறவர் அங்கியை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து, அறைக்குள் நுழைந்து, தீக்கு நேரே கோலை நீட்டி மந்திரத்தைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சுவரோரம் நிற்கும் அண்ணன், அதாவது அக்காவின் தம்பி, சுவிட்சை அணைப்பான். தீ அடங்கிவிடும்.

அங்கி என்பது அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள் தாள்களை ஒட்டிச் செய்தது. நீலம் ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமும் தள்ளி விழுந்துவிட்ட மயில்கள் அதில் உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். கோல்தான் பொக்கிஷம். தங்க நிறத் தாள் சுற்றி வருகிற நீளமான அட்டைக்குழல் அது. மிச்சமிருந்த தங்கத் தாளை அக்கா அதன் மேலேயே சுருக்கம் விழாமல் ஒட்டியிருந்தாள். அதை வாங்குகிறவர்தான் அடுத்த விடுமுறை வரைக்கும் சுடரகத்தின் தலைமை மந்திரவாதி. அக்காவின் வலது பக்கத்தில் உட்காரலாம். அக்கா கதை சொல்லும்போது குறுக்கே பேசலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்காவின் வலது பக்கம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முந்தின வருஷம் எனக்கு ஏழு வயது. மேல்வரிசைப் பற்கள் இரண்டு விழுந்திருந்த நேரம். தீக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தால் ‘ஸ்தாஞ்சியம்’ என்று வந்தது. திரும்பச் சொன்னேன், ‘டான்சியம்’ என்று வந்தது. அண்ணன் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் போல நின்றான்.

“தப்பா சொன்னா அணைக்க முடியாது புள்ள. சட்டம்னா சட்டம்” என்றான்.

அந்த வருஷக் கோல் யாருக்கும் இல்லாமல் பரணுக்குப் போனது. “அடுத்த லீவுல உனக்குத்தான்” என்று அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதன் பிறகு குளிக்கும்போது, பள்ளிக்கூட வேனில் போகும்போது, சோறு மெல்லும்போது என்று எந்நேரமும் ஸ்ட்ரான்சியம்தான். பல் முளைத்தது. மந்திரம் சுத்தமாக வந்தது. எழுப்பிவிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன். விடுமுறையும் வந்தது. கூடவே சித்தி மகனும் வந்து சேர்ந்தான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். மாசி மாதக் கடைசியில் அங்கே தீ விபத்து. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போயிருந்த சித்தி அதில் இறந்துபோனாள். சித்தி போனது எனக்கும் தெரியும். நானும் அழுதேன். ஆனால் அழுகை எனக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. சித்தப்பா விபத்துக் கேஸுக்கு அலைந்துகொண்டிருந்ததால், சித்தி மகனோ பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்ற நினைப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். பேசாமல் இருந்தே அவன் எல்லாவற்றையும் வாங்கினான். முதல் தோசை அவனுக்கு. முறுகலாக வருகிற தோசையும் அவனுக்கு. அம்மா எனக்கு ஊட்டுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று, அவனுக்கு மட்டும் உருட்டி உருட்டி ஊட்டினாள். அம்மாவை ஒட்டிப் படுக்கிற இடம் நான் பிறந்ததிலிருந்து என்னுடையது, அதுவும் போனது. எங்களில் ஒருவரையும் அச்சகத்து வாசற்படி மிதிக்க விடாத பெரியப்பா, அவனை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் ஓடுவதை வேடிக்கை காட்டினார். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். மத்தியானம் வரை யாரும் கவனிக்கவில்லை. பசித்தது, பேசிவிட்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா ஒரே பேச்சைத்தான் பேசினாள். “நல்லவேளைக்கா, அவ கூடப் போன புள்ள வேன்லயே தூங்கிட்டான். டிரைவர் அப்பிடியே வண்டியத் திருப்பிட்டு வந்துட்டாரு. ஒண்ணையும் பாக்கல. அம்மாவத் தேடுறான், அதான் பேச்சு வரல. போகப் போகச் சரியாயிரும்.”

வந்தவர்கள் அவன் தலையைத் தடவி, “பாக்காததே பெரிய புண்ணியம் தாயி” என்பார்கள். சிலர் கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். என் தலையை யாரும் தடவவில்லை. தூங்குவதில் என்ன புண்ணியம் என்று எனக்குப் புரியவில்லை. நானும்தான் வேனில் தூங்குகிறேன்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன், மாடி எனக்கு இருக்கிறது என்ற தைரியத்தில். கோலேற்பு நாளன்று மதியம் மாடிக்கு ஓடினால், அக்கா எனக்கென்று வைத்திருந்த மயில் அங்கியை அவன் தோளில் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தத் தடவ நான்லா?” என்றேன்.

“நீ பெரிய புள்ளல்லா. அவன் மொதல்ல பண்ணட்டும். அப்பறம் நீ.”

“கோல் ஒண்ணுதான இருக்கு?”

“உனக்கு வேற செஞ்சு தாரேன்டி.”

“அவனுக்குப் பேசவே வராது. மந்திரத்த யாரு சொல்லுவா?”

“மனசுக்குள்ள சொன்னாப் போதும்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பல் இல்லாத எனக்கு இல்லாத சலுகை, பல் முழுக்க வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனுக்கு. மனசுக்குள் சொன்னால் போதும் என்று சட்டத்தில் எங்கே இருந்தது? அக்காவின் மேல் எனக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த நிமிஷமே கரைந்துபோனது. நெருப்பை அடக்குகிறவனாக அவனை ஆக்கினால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வரும் என்று அக்கா நினைத்திருக்கிறாள். அதெல்லாம் அவளே பல வருஷம் கழித்துச் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அங்கியின் ஓரம் தரையில் புரள அவன் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தான் என்பதுதான்.

அக்கா தங்கக் கோலை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்போது அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்புக்காகவும் நான் அவனை வெறுத்தேன். எல்லோரும் இருட்டு அறைக்குள் போனோம். நான் கதவோரம் நின்றேன். வெளியே அம்மா வெயிலில் காய்ந்த மோர் மிளகாயைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வீட்டு மாடியில்தான் இடம் தாராளம் என்பதால் எங்கள் வீட்டு வத்தலும் அங்கேதான் காயும்.

அண்ணன் சுவிட்சைப் போட்டான். சிவப்பு பல்பு எரிந்தது. நாடாக்கள் சடசடவென்று எழும்பின.

அவன் கோலை நீட்டவில்லை. ஓர் அடி பின்னால் வந்தான். வாய் திறந்தது, மூடியது, திரும்பத் திறந்தது. அப்புறம் இத்தனை நாள் கேட்டிராத ஒரு குரல், அவன் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய குரல் வந்தது.

“தண்ணி! தண்ணி ஊத்துங்க! எங்கம்மா மேல தண்ணி ஊத்துங்க!”

அண்ணன் படக்கென்று சுவிட்சை அணைத்துவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஸ்தாஞ்சியம்’ என்று சொன்னபோது அசையாத கை, மந்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாத தண்ணிக்கு அசைகிறது! “தப்பு, தப்பு! அது மந்திரமே இல்ல!” என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அவன் நிறுத்தாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். தீ அடங்கிவிட்டது, நாடாக்கள் துவண்டு கிடந்தன, அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

வாசலில் சுளகு விழுந்த சத்தம் கேட்டது. மிளகாய் தரையெல்லாம் சிதறிக் கிடக்க, அதன் மேலேயே மிதித்துக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், அவன் குடிக்கவில்லை. சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஏறி வந்த பெரியம்மா, “பேசிட்டானா? ஏலே, என் ராசா, பேசிட்டியாய்யா?” என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

“பாத்திருக்கான்க்கா” என்றாள். “தூங்கல. புள்ள எல்லாத்தையும் பாத்திருக்கான்.”

பெரியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதில் என்ன அதிசயம் என்று நான் நினைத்தேன். எல்லோரும்தான் பார்த்தோம். ஃபேனில் கட்டிய ஜிகினாத் தாள் அது.

அக்கா அடைத்து வைத்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அன்று விழாவும் முடிந்தது, என் முறையும் வரவில்லை. கோல் அவன் கையிலேயே இருந்தது. பிடித்த பிடியை விடவில்லை, யாரும் விடச் சொல்லவும் இல்லை. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மயில்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தாள் ஊறிவிடப் போகிறதே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கவலை.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். “அம்மா, அவன் மந்திரத்தச் சொல்லவே இல்லம்மா. எனக்குத்தானம்மா கோல் தாரேன்னு சொன்னாக?” என்றேன்.

அம்மா இன்னொரு கையால் என்னையும் இழுத்து இறுக்கிக்கொண்டாள். அப்படி இறுக்கிக்கொண்டு, என்னைவிடப் பெரிதாக, குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை நாளில் என் பக்கத்து நியாயம் ஒருத்திக்காவது உறைத்ததே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. என் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கண்ணையும் துடைத்துவிட்டேன்.

“அழாதம்மா. நான் அடுத்த லீவுல வாங்கிக்கிடுதேன்” என்றேன்.