ஆளுக்கு ரெண்டு, வீட்டுக்கு ஒன்று

அறுபதுகளில் தாராவியில் எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரே குழாய். அதைத் திறந்து மூடியவர் ஒரு பட்டறைத் தொழிலாளி. ஒல்லி உடம்பு, காதிடுக்கில் ஒரு சாக்பீஸ். நிரம்பும் ஒவ்வொரு குடத்துக்கும் சுவரில் ஒரு கோடு போடுவார்.

ஆளுக்கு ரெண்டு குடம், வீட்டுக்குப் பொதுவாக ஒன்று என்று எல்லோரும் பேசி முடித்ததை, அவர் சுவரில் 2x+1 என்று எழுதினார்.

"இதுல ஆளு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எக்ஸுதான் ஆளு. உன் வீட்டுல மூணு பேரு, ஏழு கொடம். அடுத்த வீட்டுல அஞ்சு பேரு, பதினொண்ணு."

பெயரெழுத மட்டுமே தெரிந்த எனக்கு அது அன்றே புரிந்துவிட்டது.

எங்கள் மூவரில் ஒருவரான மாமனார் இறந்த மூன்றாம் நாள், ஐந்து குடம் பிடித்துவிட்டு விலகினேன். துக்க வீட்டில் தண்ணீர் தேவைதான். ஆனாலும் வரிசையில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே.

"இன்னும் ரெண்டு இருக்குல்லா?" என்றார்.

"இப்ப எக்ஸு ரெண்டுதான் அண்ணாச்சி. எனக்கும் கணக்குத் தெரியும்."

"தெரியுதுல்லா, சரி. பதினாறு கழியுத வரைக்கும் அவரும் உங்க வீட்டு ஆளுதான். கொடத்த வை."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவளே என் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.

பதினேழாம் நாள் ஐந்தோடு நானே விலகிக்கொண்டேன். ஐந்து கோடு போட்டவர், ஆறாவதற்குத் தூக்கிய கையைச் சற்று நேரம் இறக்கவே இல்லை.