ஸ்டெல்லாவின் வயிற்றுக்காக

மைசூரில் நாங்கள் போன மருத்துவமனையின் மாடி நடையில் ஆண்கள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நீங்களும் அப்படி உட்கார்ந்திருந்தால், இது உங்களுக்குத்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம். சோதனை எல்லாம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கே நடந்தது. தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை. கடைசிப் பத்து மணிகளுக்கு முன் அம்மா அன்றைய வேண்டுதல் கருத்தை அறிவிப்பார்: "ஸ்டெல்லா வயிறு திறக்கணும்னு வேண்டிக்குவோம்." ஸ்டெல்லாவும் தலை குனிந்து சொல்லுவாள். எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் நானும்தான் சொன்னேன்.

கடைசியில் என்னையும் சோதித்தார்கள். விந்தணுக்கள் இருந்தன, நீந்தவில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பு) ஒரு மரபணு மாறுபாடு. அணுவின் வால் அசையச் சக்தி போதவில்லை, அது காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

"டென்ஷன் மாடபேடி, கவலைப்படாதீங்க. ஒரு அணுவ எடுத்து நேரா முட்டைக்குள்ள வச்சுப் பாக்கலாம். இது தாய் வழியாத்தான் வரும். உங்க பிள்ளைக்குப் போகாது."

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. கேன்டீனில் இட்லி வடை தின்றேன்.

வீட்டில் குறை என்னுடையது என்றேன். அதன் பெயரையும் சொன்னேன், தாய் வழி என்பதை மட்டும் விட்டுவிட்டு. ஆனால் அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ்.

"அது தாய்கிட்டயிருந்துதானேடா வரும்?"

"ஆமாம்மா."

"ஐயோ, அப்ப எங்கம்மாகிட்டயிருந்து எங்க அண்ணனுக்கும் வந்திருக்கும்."

இறந்துபோன மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவி லூர்து மாமியைத்தான் எல்லோரும் மலடி என்றார்கள். என் ஞானஸ்நானத்துக்குக்கூட அம்மா அவரைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் கருத்து சொல்லும் இடம் வந்ததும் அம்மா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டார்.

"மாமிக்கு போன் போடுங்க அத்தே. மிச்சத்த அப்புறம் சொல்லலாம்," என்றாள் ஸ்டெல்லா.

அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "குறை உங்களுக்கில்ல அண்ணி. எங்க வீட்டு ரத்தத்துல இருந்திருக்கு."



"எனக்கு எழுபத்தஞ்சு ஆச்சு ரோஸி," என்றார் மாமி.

சிகிச்சை தொடங்கியிருக்கிறது. பலிக்குமா, தெரியாது. குறை எனக்கு, ஊசி ஸ்டெல்லாவுக்குத்தான். அவள் வயிற்றில் ஊசி ஏறும்போது நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். என் உடம்பில் எங்கும் ஒரு வலியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.