மச்சானின் நிறைக்குப் புத்தகம்

சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பி, கூரையைக்கூட முழுதாக வேய்ந்து முடிக்காத வருஷம் அது. அந்த மாரியில் உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாய்ந்து, எங்கள் வயல்வட்டை முழுதும் கதிரோடு தண்ணீருக்குள் கிடந்தது. போன செவ்வாய்க்கிழமை விடிய என் தங்கை மகள் கோமதி போன் எடுத்து, "மாமா, அப்பா போயிட்டார்" என்றபோது எனக்கு முதலில் வந்த ஞாபகம் அந்த வெள்ளம்தான். அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சித்திரவேல் மச்சானை அறிந்தவர்கள் இதற்குக் கோபிக்கமாட்டீர்கள்.

அவரும் நானும் வாவியில் மீன்பிடித்தவர்கள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனாலும் மீன் விற்க மட்டக்களப்புக்குப் போனால், மகளுக்கு ஒரு பழைய புத்தகம் வாங்காமல் மச்சான் திரும்பமாட்டார். மீனைப் பார்ப்பதுபோலவே கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுப்பார். "மெலிஞ்சதுல என்ன கிடக்கும்?" என்பார்.

அந்த வெள்ளத்துக்குள் கோமதி கல்லூரியில் சேரவேண்டிய நாளில் பஸ் ஓடவில்லை. என் தோணிதான் வழி. தண்ணீர் வாசற்படியில் ஏறிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போகும் புத்தகம் ஊறிப்போகும்.

"ஒரு பெட்டிதான் புள்ள, தோணி தாங்காது" என்றேன். அவள் ஒன்றை வைப்பாள், மற்றதை எடுப்பாள், எடுத்ததைத் திரும்ப வைப்பாள். கண் கலங்கிவிட்டது.

மச்சான் தடித்த புத்தகம் ஒன்றைக் காட்டினார். "இத முதல் வை புள்ள. நல்லாக் கொழுத்தது."

"ஐயோ அப்பா, இது டிரக்டர் சாமான் புத்தகம்! எந்த ஆணி எங்க பூட்டுறதெண்டு போட்டிருக்கு."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க கொண்டந்ததெண்டு ரெண்டு தரம் வாசிச்சன்."

எல்லோரும் சிரித்தோம். மச்சான் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "மச்சான், என்ட நிறைக்கு எவ்வளவு புத்தகம் ஏத்தலாம்?"

"உன்ட வயித்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே ஏத்தலாம்."

"அப்ப ஏத்து. நான் இறங்கிறன்."

எல்லாவற்றையும் ஏற்றித் தறப்பாளால் மூடினோம். அதன்மேல் கோமதி குந்திக்கொண்டாள். நான் கோல் ஊன்ற, மச்சான் நெஞ்சளவு தண்ணீரில் தோணியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஆழமான இடத்தில் விளிம்பைப் பிடித்து நீந்தினார்.

படியில் நின்ற என் தங்கை, "பாம்பு வரும், ஏறுங்க!" என்று கத்தினாள்.

"வந்தா அதையும் ஏத்துவம், படிக்கட்டும்!"

கல்லூரி வாசலில், இடுப்பில் கட்டிய ஈரச் சாரம் சொட்டச் சொட்டத் தலையில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்துக் காவலாளி கேட்டார்: "இவ்வளவும் எதுக்கு ஐயா?"

"எது தேவைப்படுமெண்டு எனக்குத் தெரியாது தம்பி. அதான் எல்லாத்தையும் கொண்டந்தன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்புத்தான் அவருடையதென்று என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். படியில் நின்று கத்திய தங்கை முந்திப் போய்விட்டாள். இப்போது மச்சான். எனக்கும் காலம் கிட்டத்தான். என்னை விட்டால், அன்றைய தோணியை அறிந்து உயிரோடு இருப்பவள், இன்று அதே கல்லூரியில் படிப்பிக்கிற கோமதி.