எதிரணிக்காரர் சொன்ன சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன், மாட்டுப்பொங்கல் அன்று, சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் நடந்தது இது.

எங்களுக்குச் சிறிய விசைத்தறிக் கூடம் ஒன்று உண்டு. வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் உள்ளூர், மீதிப்பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த மார்கழியில், தண்ணீர்த் தொட்டியில் யார் முதலில் குளிப்பது என்று ஒரு சண்டை. வாய்ப்பேச்சாக ஆரம்பித்து, எங்கள் மூத்த தறிக்காரருக்கும் வங்காளத் தம்பி ஒருவருக்கும் அடிதடியில் போய் நின்றது. வங்காளத் தம்பியின் உதடு கிழிந்தது. மூத்தவருக்குக் கன்னம் வீங்கியது. அதற்குப் பிறகு இரண்டு கூட்டமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஊருக்குப் போக வங்காளத்துக்காரர்கள் எல்லோரும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போனால் பாதித் தறி நின்றுவிடும், அது ஒரு கவலை. ஆனால் ஒரு வருடமாக என் கையால் சாப்பிட்டவர்கள், நம் ஊரில் அடி வாங்கினோம் என்ற நினைப்போடு போகிறார்களே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் கபடி நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் கூடத்து ஆட்களும் ஆடுவார்கள், ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு அணி பிரிக்க வேண்டும் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இருக்கிற சண்டை பத்தாதுன்னு கட்டிப் புரள வேற விடுதியாக்கும்."

சீட்டில் எல்லோரும் கலந்துதான் வந்தார்கள். அடித்துக்கொண்ட இரண்டு பேர் மட்டும் எதிரெதிர் அணி.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது வங்காளத் தம்பி பாடிப் போனார். மூத்த தறிக்காரர் பாய்ந்து இடுப்பைப் பிடிக்க, தம்பி மீன் மாதிரி நழுவிக் கோட்டுக்கு வந்துவிட்டார். அவர் அணி கைதட்டுவதற்குள் நடுவர் விசில் ஊதி, பாடிப் போனவர்தான் அவுட் என்றார். ஏனென்றால் அவர் "கபடி கபடி" என்று பாடவில்லை. "ஹாடுடு ஹாடுடு" என்று பாடியிருந்தார்.

அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "நான் வெளி ஆளு. அதான் அவுட்டு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுக்கப் போனார். அவர் ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகக் களத்தை விட்டு வெளியே வந்தார்கள். எல்லாம் என்னால் வந்த வினை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மூத்த தறிக்காரர் நடுவரிடம் போனார்.

"சார், அவன் மூச்சே விடல. காதோரமா கேட்ட நான் சொல்லுதேன். நாம சின்னப்பிள்ளையில சடுகுடுன்னு பாடலையா? அது அவன் ஊருப் பாட்டு. என்னையத் தொட்டுட்டுதான் போனான்."

விதி என்று நடுவர் ஏதோ ஆரம்பித்தார். இவர் கேட்கவே நிற்கவில்லை. தானே கோட்டைத் தாண்டி வெளியே போய், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே, நீ யாரு கட்சி?" என்று அவர் அணியே கத்தியது. அசையவில்லை. வேறு வழியில்லாமல் நடுவர் புள்ளியை மாற்றிக் கொடுத்தார்.

வங்காளத் தம்பி கையில் இருந்த சட்டையைக் கீழே போட்டார். மூத்தவரிடம் போய்க் கையை நீட்டி எழுப்பிவிட்டார். அந்த ஒரு புள்ளியில்தான் மூத்தவர் அணி தோற்றது.

சாயங்காலம் வங்காளத் தம்பி வாசலில் வந்து, "அக்கா, டிக்கெட் கேன்சல்" என்றார். மூத்தவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன்.

"தொட்டான், நான் அவுட்டு. இதுல என்னக்கா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு அது அவ்வளவுதான். நானோ, தன்னை அடித்தவருக்காகத் தன் அணியைத் தோற்கவைத்துச் சாட்சி சொன்ன ஒருவர் எங்கள் கூடத்தில் இருக்கிறார் என்ற நினைப்பில், இன்றைக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் கை கூப்பிக்கொள்கிறேன்.