கூட்டி வைத்த இருபது டிகிரி

அடுப்பு பற்ற வைக்கிற லைட்டரை அமுக்கினால் பொறி வருகிறதே, அதற்குள் ஒரு பீங்கான் சில்லு இருக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும். அதில் ஈயம் கலந்திருக்கும். ஈயம் உடம்புக்கு ஆகாது. ஈயம் இல்லாமல் அப்படிச் சில்லு செய்ய முடியுமா, எந்தச் சூட்டில் என்னாகும் என்றுதான், குற்றாலம் போகிற வழியில் நான் உலை பார்க்கிற கல்லூரியில், சுரண்டை ஊர்ப் பெண்பிள்ளை ஒன்று நாலு வருஷம் ஆராய்ச்சி செய்தது.

பொடியை மாத்திரை போல அழுத்தி உலையில் சுட வேண்டும். சூடு குறைந்தால் துகள்கள் கேப்பைத் தானியம் மாதிரி ஒட்டாமல் கிடக்கும். சரியான சூட்டில் மாதுளை முத்துப் போல நெருங்கி அடையும். கூடிவிட்டால் சில துகள்கள் மட்டும் பக்கத்தில் உள்ளதைத் தின்று பெருத்துவிடும்; பொடியில் இருக்கிற பொட்டாசியம் ஆவியாகி ஓட்டை விழும்.

"இதுக்குள்ளயும் பங்காளிச் சண்டையாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டைவிடக் கம்மிதான் அண்ணாச்சி" என்றது.

எங்கள் உலையில் சூட்டை அளக்கிற கம்பி பழசு. உள்ளே இருப்பதைவிட இருபது டிகிரி அதிகமாகக் காட்டும். அதனால் யார் எந்தச் சூடு கேட்டாலும் இருபது கூட்டி வைப்பது என் வழக்கம். போன சாரல் சமயத்தில் அந்தக் கம்பியை மாற்றினார்கள். மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்ததே நான்தான்.

மறுநாள் அந்தப் பிள்ளை மிச்சமிருந்த பொடியை எல்லாம் அழுத்தி ஆறு சில்லு கொண்டு வந்தது. ஆயிரத்து நூறு டிகிரியில் முன்பு ஒரு தடவை நன்றாக வந்திருந்தது. இன்னொரு தடவையும் அப்படியே வந்தால்தான் செல்லும்.

"ஆயிரத்து நூறு வச்சிருங்க அண்ணாச்சி. இது தேறலைன்னா கல்யாணந்தான். எங்கப்பா மாப்பிள்ளை பாத்துட்டாரு."

நான் ஆயிரத்து நூற்றி இருபது வைத்தேன். கைப்பழக்கம்.

உலையைத் திறந்தபோது சில்லுகள் ஓரம் மழுங்கி, அடித்தட்டில் ஒட்டிக் கிடந்தன. புதுக் கம்பி சரியாகத்தான் காட்டும், கூட்டியிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. திருநெல்வேலியில் எடுத்த நுண்ணோக்கிப் படத்தில் பெரிய பெரிய கட்டிகள், நடுவில் ஓட்டைகள்.

பேராசிரியர் பார்த்துவிட்டு, "மழை நேரத்துல எடை போட்டிருக்க. பொட்டாசியம் உப்பு ஈரம் குடிச்சிருக்கும். கலவையே தப்பு. முன்னாடி வந்ததையும் நம்ப முடியாது" என்றார்.

"எம்மேலதான் தப்பு அண்ணாச்சி" என்று அது என்னிடம் வந்து அழுதது. நான் ஒப்பந்த ஆள். வேலை போனால் என் பிள்ளைகளின் படிப்பும் போய்விடுமே என்று நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே அது படிப்பை விட்டுவிட்டுப் போனது.

போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். கழுத்தில் தாலி. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அது தப்பே இல்லையே அண்ணாச்சி. சூடு கூடினா என்னாகுதுங்கிறதுதானே என் தலைப்பே. ஆயிரத்து நூத்தி இருபதுல இப்பிடி ஆகுதுன்னு எழுதியிருப்பேம்லா."

"இப்ப எழுதக் கூடாதாம்மா?"

"சில்லைத் தூரப் போட்டாச்சு. ஆராய்ச்சிப் பதிவும் ரத்தாயிட்டு."

சுரண்டை பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "உங்க பிள்ளையள்லாம் நல்லா படிக்காங்களா?" என்று கேட்டது.

படிக்கிறார்கள் என்றேன்.